பாலிஷ் என்ற ஒற்றைச் சொல்: பாப் ஃப்ளெக்ஸ்னரின் புத்தகத்தை முன்வைத்து

மரச்சாமான்களுக்கு மேற்பூச்சு பூசுவது பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை சமையல் குறிப்பு வகை. இதை எடு, இவ்வளவு கலக்கு, மூன்று கோட் அடி, நடுவில் உப்புத்தாள் போடு. ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. பாப் ஃப்ளெக்ஸ்னர் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் வுட் ஃபினிஷிங்' அந்த வகை இல்லை. 1994இல் முதல் பதிப்பு வந்தது, பிறகு திருத்திய பதிப்புகளும் வந்தன. சரியான பூச்சைத் தேர்ந்தெடுத்துப் பூசுவது எப்படி என்பதுதான் துணைத்தலைப்பு. ஆனால் உள்ளே 'எப்படி' என்பதைவிட 'ஏன்' என்பதற்குத்தான் இடம் அதிகம். ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்கர், பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். எழுத்தில் அந்த அனுபவம் தெரிகிறது.

இதைப் பற்றித் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் இந்த விஷயம் முழுவதும் 'பாலிஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அரக்கைத் துணியால் தேய்த்தாலும் பாலிஷ், மெலமைன் அடித்தாலும் பாலிஷ், பி.யு. ஸ்பிரே செய்தாலும் பாலிஷ், பழைய நாற்காலியில் வார்னிஷ் தடவினாலும் பாலிஷ்தான். நாலு வேறு பொருளுக்கு ஒரே பெயர் இருந்தால் தேர்வு என்பதே நடக்காது. "பாலிஷ் போட்டுடுங்க" என்கிறோம், வருகிறவர் தனக்குப் பழகியதைப் போட்டுவிட்டுப் போகிறார்.

ஃப்ளெக்ஸ்னர் செய்த பெரிய உதவி இந்தக் குழப்பத்தை உடைத்தது. என் விமர்சனம் என்னவென்றால், அவர் கட்டிய வகைப்பாட்டிலிருந்து கிடைக்கும் மிக முக்கியமான முடிவை அவரே போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை. இரண்டையும் பார்ப்போம்.

காயும் விதமே வகை

கடையில் பூச்சுகள் பிராண்டு வாரியாக, பளபளப்பு வாரியாக, விலை வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஃப்ளெக்ஸ்னர் இவற்றை ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வி கேட்கிறார்: இது எப்படிக் காய்கிறது? பதில் மூன்றுதான்.

முதல் வகை, கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடுவது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, தின்னரில் கரைத்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (கடையில் என்.சி. லேக்கர்) இதில் சேரும். வேதிமாற்றம் எதுவும் இல்லை. நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், அவ்வளவுதான். இதற்கு அவர் சொல்லும் உவமை ஸ்பகெட்டி. நாம் இடியாப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த இடியாப்பத்தில் தண்ணீர் தெளித்தால் இழைகள் மறுபடி தளர்வதுபோல, அதே கரைப்பான் மீண்டும் பட்டால் இந்தப் படலமும் இளகும்.

இரண்டாம் வகை, வினைபுரிந்து காய்வது. ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், பி.யு., மெலமைன் எல்லாம் இதில் வரும். எண்ணெயும் வார்னிஷும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகும். இரண்டு டப்பாவாக வரும் பி.யு.வில் ஹார்ட்னர் அந்த வேலையைச் செய்யும், மெலமைனில் அமில வினையூக்கி. மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலைபோல ஆகிவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் முடிச்சு விழுந்த வலை. எந்தத் தின்னரை ஊற்றினாலும் அது திரும்பக் கரையாது. வீங்கிச் சுருங்கி எழும்பலாம், கரையாது.

மூன்றாம் வகை, நீர் சார்ந்த பூச்சுகள். உள்ளே ஏற்கெனவே பிணைந்த நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் போனதும் துளிகள் நெருங்கும், மெதுவாக ஆவியாகும் இன்னொரு கரைப்பான் அவற்றின் வெளிப்பரப்பை இளக்கி ஒட்டவைக்கும். அவர் கால்பந்துகளை உவமை சொல்கிறார். எனக்குப் பூந்தி லட்டுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பூந்தியும் தனியாக வெந்தது, பாகு பிடித்துத்தான் லட்டு நிற்கிறது.

இதன் பயன் உடனே தெரியும். வீட்டில் ஒரு பழைய பீரோ இருக்கிறது, மேலே என்ன பூச்சு என்று தெரியாது. கண்ணில் படாத இடத்தில், இழுப்பறையின் கீழ்விளிம்பிலோ பின்காலிலோ, முதலில் ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். சில நொடிகளில் பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் வேறிடத்தில் ஒரு துளி என்.சி. தின்னர். அது இளக்கினால் லேக்கராக இருக்கலாம், நீர் சார்ந்த பூச்சாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இளகாவிட்டால் அது வலை வகை. ஐந்து நிமிஷ வேலை. இந்த வரிசையும் முக்கியம், ஏனென்றால் தின்னர் அரக்கையும் இளக்கிவிடும்.

அதே வகைப்பாடு ஒரு விபத்தையும் விளக்குகிறது. எண்ணெய் ஆக்சிஜனை எடுத்துக் காயும்போது வெப்பம் வெளியாகும். மரத்தின் மேல் மெல்லிய படலமாக இருக்கும்போது அது காற்றில் கலைந்துவிடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும், தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் நடந்தது இதுதான். மரப்பலகைச் சுவரைப் புதுப்பித்தவர்கள் ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை 22ஆம் மாடியில் விட்டுச் சென்றிருந்தார்கள். 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்த 30ஆம் மாடியில்தான் தீ நின்றது. வேலை முடிந்ததும் அந்தத் துணிகளை வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். 'இயற்கையான எண்ணெய், ஆபத்தில்லை' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

லேபிள்களோடு ஒரு சண்டை

புத்தகத்தின் இன்னொரு பலம் அவருடைய கோபம். பூச்சுத் தயாரிப்பாளர்கள் உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். 'டங் ஆயில்' என்று பெயர் போட்டு விற்கப்படும் டப்பாக்களில் பல, உண்மையில் தின்னர் சேர்த்து நீர்த்த வார்னிஷ்தான் என்று காட்டுகிறார். சோதனையும் எளிது. கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். வார்னிஷ் என்றால் ஓரிரு நாளில் வழவழப்பான கடினப் படலமாகும், அசல் எண்ணெய் என்றால் சுருக்கம் விழுந்து மெத்தென்றே இருக்கும்.

மரத்துக்கு 'உணவூட்ட வேண்டும்' என்று விற்கப்படும் பர்னிச்சர் ஆயில்களையும் அவர் விடுவதில்லை. வெட்டிய மரம் சாப்பிடாது. நல்ல படலம் இருந்தால் எண்ணெய் உள்ளே போகவும் போகாது. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுவதாகத் தடுப்பதில்லை, வேகத்தைத்தான் குறைக்கிறது. மழைக்காலத்தில் இழுப்பறை இறுகுவது பூச்சு சரியில்லாததால் அல்ல, மரம் தன் குறுக்கே விரிவதால். இந்த மாதிரி இடங்களில் ஃப்ளெக்ஸ்னரை ஒரு நல்ல விமர்சகர் என்றே சொல்லவேண்டும். அவர் விமர்சிப்பது மரவேலையை அல்ல, மரவேலையைச் சுற்றி வளர்ந்த பேச்சை.

அவர் அழுத்தாத இடம்

எந்தப் பூச்சு என்று முடிவெடுக்க ஃப்ளெக்ஸ்னர் பல அளவுகோல்களை வைக்கிறார். தோற்றம், ஈரப் பாதுகாப்பு, உழைப்பு, பூசுவதில் எளிமை, உடல்நலப் பாதுகாப்பு, திரும்ப எடுக்க முடிவது என்று. கடைசியாகச் சொன்னது பட்டியலில் பலவற்றுள் ஒன்றாக நின்றுவிடுகிறது. என் வாசிப்பில் அதுதான் முதலில் வரவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். எல்லாப் பூச்சும் ஒரு நாள் கெடும். 'கெடுமா' என்பதைவிட 'கெட்டால் என்ன செய்வோம்' என்பதுதான் கேட்கவேண்டியது. இடியாப்ப வகையில் கீறல் விழுந்தால், அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பூசலாம். புதுப் பூச்சிலிருக்கும் கரைப்பான் பழையதை இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட கோடு தெரியாது. வலை வகையில் புதுக் கோட் பழையதோடு கலப்பதில்லை. உப்புத்தாள் போட்ட கீறல்களைப் பிடித்துக்கொண்டு மேலே உட்காரும். நடுவில் ஒரு இடம் உரிந்தால், ஒட்டுப்போட்ட விளிம்பு வளையமாகத் தெரியும். கடைசியில் முழுப் பலகையையும் மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

தேய்ப்பது இலவசம் அல்ல. ஒவ்வொரு முறையும் மரம் போகிறது. இன்று அலமாரிகளில் ஒட்டப்படும் தேக்கு வினீர் சுமார் அரை மில்லிமீட்டர். அதை ஒருமுறை மெஷின் போட்டுத் தேய்த்தாலே அடியில் இருக்கும் பிளைவுட் எட்டிப்பார்க்கும். அதாவது வினீர் மேல் இரண்டு டப்பா பி.யு. அடித்த நாளிலேயே அந்த அலமாரியின் ஆயுளும் அந்தப் படலத்தின் ஆயுளும் ஒன்றாகிவிட்டன. பழைய தேக்குச் சாமானில் நஷ்டம் வேறு விதம். செதுக்கின் கூர்மை போகும், இழைப்புளி விட்ட மெல்லிய அலை போகும், பல வருஷக் கைபட்ட நிறம் போகும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கண்ணாடிபோல மின்னும் சில கதவுகளைப் பார்த்தால் அவை போன மாதம் செய்தவைபோல இருக்கும். செலவழித்து வயதைக் குறைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரிக்கு ஒருவர் மதிப்பீடு சொல்ல வந்தபோது, "பி.யு. போட்டா பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் சார்" என்றார். "பதினோராவது வருஷம்?" என்று கேட்டேன். "அப்ப மெஷின் போட்டு எடுத்துட்டு மறுபடி அடிச்சுக்கலாம் சார்." அவர் பொய் சொல்லவில்லை, அவர் தொழிலில் அதுதான் வழக்கம். ஆனால் எங்கள் மென்பொருள் தொழிலில் ரோல்பேக் வழி இல்லாமல் எதையும் உற்பத்திச் சூழலுக்கு அனுப்பமாட்டோம். மரத்துக்கு மட்டும் ஏன் அந்த யோசனை வருவதில்லை?

இதைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் அரக்கு பூசு என்று அர்த்தமில்லை. அரக்குக்குச் சூடு ஆகாது, ஸ்பிரிட் ஆகாது, சோப்பு, அமோனியா போன்ற காரப்பொருளும் ஆகாது. கொதிக்கும் காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக் கதவுக்கும் வலை வகைதான் சரி. ஆனால் வீட்டிலிருக்கும் மரச்சாமானில் எத்தனை பங்கு சாப்பாட்டு மேசை? புத்தக அலமாரி, துணி பீரோ, சுவாமி அலமாரி, கட்டில் தலைப்பலகை, படச்சட்டம் இவற்றின் மேல் யாரும் காபி வைப்பதில்லை. மேசைக்கு வேண்டிய கவசத்தை எல்லாவற்றுக்கும் மாட்டிவிடுகிறோம். 'அதிகப் பாதுகாப்பு எப்போதும் நல்லது' என்ற எண்ணத்தை ஃப்ளெக்ஸ்னரும் முழுதாகக் கேள்வி கேட்கவில்லை.

அவர் ஊர், நம் ஊர்

இன்னொரு குறை விகிதாசாரம் பற்றியது. அவருடைய வாசகர் தன் கேரேஜில் தானே பூசும் அமெரிக்கர். அதனால் வினையூக்கி சேர்த்து அடிக்கும் பூச்சுகள் புத்தகத்தில் தொழிற்சாலைக்காரர்கள் சமாச்சாரமாக ஓரத்தில் நிற்கின்றன. நம் ஊரில் நிலைமை தலைகீழ். மெலமைனும் இரண்டு டப்பா பி.யு.வும் தொழிற்சாலையில் அல்ல, ஆள் குடியிருக்கும் ஃபிளாட்டின் படுக்கையறையில் அடிக்கப்படுகின்றன.

இது அழகியல் விஷயம் மட்டும் இல்லை. மெலமைன் காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது, கண்ணெரிச்சல் அதனால்தான். இரண்டு டப்பா பி.யு.வின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் அது ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தூசி வரும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்பிரே செய்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. 'எந்தப் பூச்சு?' என்ற நம் கேள்விக்குள் இன்னொருவருடைய நுரையீரலும் இருக்கிறது. பூசுபவரும் வாசகரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும் புத்தகத்தில் இந்தக் கோணம் வர வழியில்லை.

மற்றபடி நமக்கு நேரடியாக உதவும் இரண்டு விஷயங்கள் அவரிடம் உண்டு. ஒன்று, எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள். தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாக உள்ள பொருள்கள் வார்னிஷையும் எண்ணெயையும் சீக்கிரம் காயவிடாது. பூசுவதற்குச் சற்று முன் சீக்கிரம் ஆவியாகும் தின்னரால் பரப்பைத் துடைத்துவிட வேண்டும், அல்லது முதல் கோட்டாக அரக்கு போட வேண்டும். "வாரம் ஆச்சு, இன்னும் ஒட்டுது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இரண்டாவது, வெயில். நிறமில்லாத படலத்தை ஊடுருவிப் போகும் புற ஊதாக் கதிர் அடியில் இருக்கும் மரப்பரப்பையே சிதைக்கிறது. பிடிமானம் போன பிறகு படலம் உரிகிறது. மேற்கு பார்த்த தலைவாசல் கதவில் வார்னிஷ் செதில் செதிலாக உரிவது இதனால்தான். வெயிலுக்கு நிஜமான தடுப்பு நிறமிதான், அதாவது பெயின்ட். மரம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால், படலம் கட்டாத எண்ணெயைத் தடவி ஆண்டுக்கொரு முறை திரும்பத் தடவுவது மேல். எண்ணெய் மங்கினால் மேலேயே தடவிக்கொள்ளலாம், உரித்து எடுக்க ஒன்றும் இருக்காது.

அரக்கு, நம்முடைய சரக்கு

அரக்கு இந்தியாவிலிருந்து வருவது என்பது அமெரிக்க வாசகருக்கு ஒரு தகவல். நமக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிய விஷயம். புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்கண்ட், சத்தீஸ்கர் காட்டோரக் கிராமங்களில் இன்றும் சேகரிக்கிறார்கள். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே இதற்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தமிழில் இதற்கு அழகான பெயர் உண்டு: அவலரக்கு. உருக்கித் தகடாக்கி உடைத்த துண்டுகள் அவல்போல இருப்பதால் வந்த பெயராகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1923இல் டூபாண்ட் நிறுவனம் கார்களுக்காக நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. அந்த வகை லேக்கர் மரச்சாமான்களுக்கும் பரவியதும் பட்டறைகளில் அரக்கின் இடம் போய்விட்டது.

வாங்கிப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸ்னரிடமிருந்து மூன்று குறிப்புகள், நம் அளவுக்கு மாற்றி. அவர் ஊர்க் கணக்கில் '2 பவுண்டு கட்' என்றால் 1 காலன் ஸ்பிரிட்டுக்கு 2 பவுண்டு அரக்கு, நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 240 கிராம். முதல் கோட்டுக்கு அதில் பாதி, 120 கிராம் போதும். இரண்டாவது, கரைத்த நாளிலிருந்தே அரக்கு ஸ்பிரிட்டோடு மெல்ல வினைபுரியத் தொடங்குகிறது. பழசானால் சரியாகக் காயாது, சூடான ஊரில் இன்னும் சீக்கிரம். எனவே துண்டுகளாக வாங்கித் தேவைக்கு மட்டும் கரைப்பது நல்லது. மூன்றாவது, சாதாரண அரக்கில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு உண்டு. அதன் மேல் பி.யு. சரியாக ஒட்டாது. பழைய பிரெஞ்ச் பாலிஷ் மேல் நேராகப் பி.யு. அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

இந்தப் புத்தகம் தமிழில் வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். அப்படியே கொண்டுவந்தால் நம் கடையில் கிடைக்காத டப்பாக்களின் பட்டியலாகத்தான் பாதி இருக்கும். வரவேண்டியது அந்த வகைப்பாடு. அது ஒரு பக்கத்தில் அடங்கும். அதைப் படித்த யாரும் அடுத்த முறை "பாலிஷ் போட்டுடுங்க" என்று நிறுத்திக்கொள்ளமாட்டார்கள். மூன்று கேள்வி கேட்பார்கள்: இது ஆவியாகிக் காய்வதா, வினைபுரிந்து காய்வதா? ஒரு இடத்தில் மட்டும் கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா? இதை அடிக்கும்போது நீங்கள் எதைச் சுவாசிப்பீர்கள்?

முதல் இரண்டுக்குப் பதில் ஃப்ளெக்ஸ்னரிடம் இருக்கிறது. மூன்றாவதை வீட்டுக்காரராகிய நாம்தான், வேலை தொடங்குவதற்கு முன்னால், கேட்டாக வேண்டும்.